பூட்டை மாற்றுவதா, சாவியை மட்டும் மாற்றுவதா?

ஓசூரில் சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வாடகை வீடு கட்டியிருப்பவர்களுக்கு, குடியிருந்தவர் காலி செய்யும் நாளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. அவர் திருப்பித் தந்த இரண்டு சாவிகளைத் தவிர மூன்றாவது சாவி ஒன்று எங்கேனும் இருக்குமா என்பதே அது. சாலையோரச் சாவிக்காரரிடம் சில நிமிடங்களில் டூப்ளிகேட் போட்டுக்கொள்ள முடியும் என்கிறபோது இதற்கு உறுதியான விடை கிடைக்க வழியில்லை. சிலர் கண்டுகொள்ளாமல் அதே சாவியை அடுத்து வருபவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் தச்சரை அழைத்து, குறையின்றி இயங்கிக்கொண்டிருக்கும் பூட்டை ஹேண்டிலோடு பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிய செட் பொருத்துகிறார்கள். முன்னது அலட்சியம், பின்னது பெரும்பாலும் வீண்செலவு.

முடிவெடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பது ஒன்று. பூட்டும் கதவும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது மற்றொன்று. சிக்கல் முதல் கேள்வியில் மட்டும் இருந்தால் பூட்டின் உட்பகுதியை மாற்றினால் போதும். இரண்டாவதிலும் இருந்தால்தான் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும். நடைமுறையில் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, சாவியைப் பற்றிய பயத்துக்காகப் புதுப் பூட்டு வாங்குகிறார்கள். பூட்டு தேய்ந்துபோய் எந்தச் சாவிக்கும் திறக்கிற நிலையில் இருக்கும்போதோ இன்னொரு டூப்ளிகேட் போட்டுக்கொள்கிறார்கள்.

சாவியை மாற்றுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் பேசுவது எளிதாகும். இப்போதைய கதவுப் பூட்டுகளில் பெரும்பாலானவற்றில் சிலிண்டர் என்னும் பகுதி இருக்கிறது. அதற்குள் சுழலும் உருளையில் வரிசையாக 5 அல்லது 6 துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு பின்களும் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். சரியான சாவி நுழையும்போது அதன் வெட்டுகள் பின்களைத் தேவையான உயரத்துக்குத் தூக்குகின்றன. இரண்டு பின்களும் சந்திக்கும் இடங்கள் எல்லாம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் உருளை சுழலும். லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, அடிப்படையில் மாறாமல் இன்றும் நம் கதவுகளில் இருக்கிறது. சாவியைத் தொடும் பின்களை எடுத்துவிட்டு வேறு நீளமுள்ள பின்களைப் போட்டால் அதே பூட்டு புதிய சாவிக்குப் பழகிவிடும். பழைய சாவி அப்போதும் உள்ளே நுழையும்; ஆனால் திரும்பாது. வேலை ஒழுங்காக நடந்ததா என்று அறிய இதுவே முதல் சோதனை என்பதால், பழைய சாவியை உங்கள் எதிரிலேயே போட்டுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது சோதனையைப் பலர் அறிவதில்லை. அவசரக்கார மெக்கானிக் ஒருவர் பொருந்தாத பின்களை மாற்றுவதற்குப் பதிலாக ஒன்றிரண்டைக் கழற்றி வீசிவிட்டு மீதியை மட்டும் புதிய சாவிக்குப் பொருத்திவிடக்கூடும். பூட்டு வழக்கம்போலத் திறக்கும், பூட்டும். ஆனால் 5 பின் பூட்டு 3 பின் பூட்டாகியிருக்கும், வேறு சாவிகளுக்கும் எளிதில் இணங்கும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே எத்தனை பின் இருக்கிறது, முடிந்தபின் எத்தனை இருக்கும் என்று கேட்டுவிடுவது நல்லது. இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் யாரும் குறுக்குவழியில் இறங்க மாட்டார்கள்.

பின் மாற்றுவதற்குப் பல அளவுப் பின்கள் அடங்கிய பெட்டியும், உருளையை வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங்குகள் சிதறாமல் தாங்கிப் பிடிக்கும் கருவியும் வேண்டும். சாவி வெட்டுகிற எல்லாரிடமும் இவை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒருவரைத் தேடிப் போவதற்கு முன், உங்கள் பூட்டின் நிறுவனப் பெயரைச் சொல்லி, சிலிண்டரைப் பிரித்துப் பின் மாற்றித் தர முடியுமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் கவலைப்படத் தேவையில்லை. பூட்டின் உடலையும் ஹேண்டிலையும் அப்படியே விட்டுவிட்டுச் சிலிண்டரை மட்டும் புதிதாக வாங்கிப் பொருத்துவதும் அதே பலனைத் தரும். என் கருத்தில் நம் ஊர்களுக்குப் பெரும்பாலும் ஏற்ற வழி இதுதான். ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் இதைத் தாமே செய்துகொள்ளலாம். யாரையும் வீட்டுக்குள் அழைக்கவும் வேண்டியதில்லை.

உங்கள் கதவில் இருப்பது அப்படிப்பட்ட பூட்டுதானா என்று பார்க்க, கதவைத் திறந்து வைத்து அதன் ஓரத்தில் பதிந்திருக்கும் உலோகத் தகட்டைக் கவனியுங்கள். சாவித்துளையின் உயரத்துக்கு நேராக அந்தத் தகட்டில் தனியாக ஒரு ஸ்குரூ இருந்து, சாவித்துளை இருக்கும் பகுதி மேலே வட்டமாகவும் கீழே நீண்டும் இருந்தால், அது கழற்றி மாட்டக்கூடிய சிலிண்டர். அந்த ஸ்குரூவை முழுவதும் கழற்றுங்கள். சாவியைப் போட்டு மெல்ல இருபுறமும் அசைத்தால் ஓரிடத்தில், நேர்நிலையிலிருந்து சற்றே திரும்பிய நிலையில், சிலிண்டரின் நடுவில் உள்ள சிறு நாக்கு உடலுக்குள் அடங்கிவிடும். அப்போது சாவியைப் பிடித்து இழுத்தால் சிலிண்டர் முழுதாக வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். நாக்கு இன்னும் அடங்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் பெரும்பாலும் இருக்காது.

அளவு எடுப்பதில்தான் தவறு நேர்கிறது. சிலிண்டரின் மொத்த நீளத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. நடுவிலுள்ள ஸ்குரூ துளையின் மையத்திலிருந்து ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு என்று தனித்தனியே அளக்க வேண்டும். இருபுறமும் 30 மில்லிமீட்டர் இருந்தால் அது 60 அளவு. மொத்தம் 70 என்றால் 35க்கு 35ஆகவும் இருக்கலாம், 30க்கு 40ஆகவும் இருக்கலாம். ஒன்று மற்றதன் இடத்தில் சரியாக உட்காராது. வெளிப்புறத்தில் சிலிண்டர் தகட்டைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் அதைக் கருவியால் பற்றி முறித்துவிடுவது எளிது. எனவே சற்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சிரமமில்லாத வழி, பழைய சிலிண்டரையே கையில் எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே கதவில் இரண்டு சிலிண்டர் தேவைப்பட்டால் இரண்டுக்கும் ஒரே சாவியாக வேண்டும் என்று கேட்டால் சில கடைகளில் கிடைக்கும். புதியதைப் பொருத்தியதும் கதவைத் திறந்து வைத்தபடியே, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும், கிடைத்த எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சில முறை பூட்டித் திறந்து பாருங்கள். மூடிய கதவில் முதல் சோதனை செய்பவர்கள் சில வேளைகளில் வெளியே நிற்க நேரிடும்.

எல்லாப் பூட்டுக்கும் இந்த வழி செல்லாது. நாதாங்கியில் மாட்டும் தொங்கு பூட்டு பெரும்பாலும் லீவர் பூட்டு. அதில் பின்களுக்குப் பதிலாகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ராபர்ட் பேரன் என்ற ஆங்கிலேயர் 1778இல் செம்மைப்படுத்திய முறை அது. தகடுகளின் வரிசையை மாற்றி அடுக்கினால் புதிய சாவி உருவாகும் என்பது உண்மையே. ஆனால் தொங்கு பூட்டின் உடல் ரிவிட் அடித்து மூடப்பட்டிருப்பதால், பிரித்து மாற்றி மீண்டும் மூடும் கூலிக்குப் புதுப் பூட்டே வாங்கிவிடலாம். கைவேலைப்பாட்டுக்காக 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு வீட்டில் இருந்தால் அது மட்டும் விதிவிலக்கு. அதைத் தூக்கிப் போடாமல், அந்த வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பீரோ பூட்டிலும் தகடு மாற்றும் வேலை நடக்கும், செலவும் அதிகமாகாது. படுக்கையறை, குளியலறைக் கதவுகளில் உள்ள உருண்டைப் பிடிப் பூட்டுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம், கெட்டால் மாற்றிவிடுங்கள்.

இனி எந்தச் சூழலில் எது என்பதைப் பார்க்கலாம். புதிய வீடு கட்டிக் குடிபோகும்போது, தச்சர், டைல்ஸ் போட்டவர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் எனப் பலர் கைக்குச் சாவி போய் வந்திருக்கும். அவர்கள் மீது சந்தேகம் இருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை பேரிடம் இருந்தது என்று கணக்கே இல்லாத சாவியோடு வாழ்வது சரியில்லை, அவ்வளவுதான். கிரகப்பிரவேசத்துக்கு முன் வாசல்கதவின் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். பூட்டு புதியதாகவே இருப்பதால் வேறெதையும் தொட வேண்டியதில்லை. பழைய வீட்டை விலைக்கு வாங்கினாலும், பாகப்பிரிவினைக்குப் பின் ஒரே வளாகத்தில் தனித்தனியே வாழத் தொடங்கினாலும், வீட்டு வேலைக்கு வந்தவர் நின்றுவிட்டாலும் இதுவே பொருந்தும்.

தொலைந்த சாவியைப் பொறுத்தவரை, அது எங்கே, எதனுடன் தொலைந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது காவிரியில் விழுந்த சாவியை எடுத்துக்கொண்டு யாரும் உங்கள் வீட்டைத் தேடி வரப்போவதில்லை; கையிலிருக்கும் மற்றொரு சாவிக்கு டூப்ளிகேட் போட்டுக்கொண்டால் போதும். அதே சாவி, ஆதார் அட்டையோ வாகனப் பதிவுச் சான்றோ இருந்த கைப்பையுடன் பேருந்தில் காணாமல் போயிருந்தால் கதை வேறு. எடுத்தவரிடம் சாவியும் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது. அன்றைக்கே சிலிண்டரை மாற்ற வேண்டும். கடை மூடிவிட்டது என்றால் இரவுக்கு ஒரு தொங்கு பூட்டையாவது கூடுதலாகப் போட வேண்டும். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டு மாதம் ஒருமுறை மட்டுமே பென்னாகரம், அரூர்ப் பக்கத்து வீடுகளுக்குத் திரும்புபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி தொலைந்தால் அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரின் சம்மதத்துடன் தாங்களே ஒரு சிலிண்டர் வாங்கிப் பொருத்திக்கொண்டு, பழையதை ஒரு துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது அதையே திரும்பப் பொருத்திக் கொடுத்துவிடலாம். தங்கள் சிலிண்டர் அடுத்த வீட்டுக்கும் உதவும், அளவு ஒத்துவந்தால். உரிமையாளரிடம் ஒரு சாவி இருக்க வேண்டுமா என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே பேசி முடித்துவிடுவது உறவைக் காக்கும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமையாளர் வீட்டுக்குள் வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சாவி கையில் இருப்பதாலேயே நினைத்தபோது திறந்துகொண்டு வந்துவிட முடியாது.

முழுப் பூட்டையும் மாற்றியே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. திருட்டு முயற்சி நடந்த கதவில் பூட்டின் நாக்கு லேசாக வளைந்திருந்தாலும், உடல் அசைந்திருந்தாலும், சிலிண்டரை மட்டும் மாற்றிச் சமாதானமடையக் கூடாது. சாவி பாதி திரும்பிய நிலையில் உருவிக்கொண்டு வருகிறது, வேறு சாவியும் திறக்கிறது, ஹேண்டிலை அழுத்தினால் நாக்கு உள்ளே போகாமல் நிற்கிறது, துரு தட்டினால் உதிர்கிறது என்றால் அந்தப் பூட்டின் காலம் முடிந்துவிட்டது. உள்ளே தள்ளும் நாக்கு மிகக் குட்டையாக இருக்கும் மலிவான பூட்டை, அது இன்னும் இயங்குகிறது என்பதற்காக வாசல்கதவில் வைத்திருப்பதும் சரியல்ல.

ஆனால் பூட்டு கெட்டுவிட்டது என்று தீர்ப்பெழுதும் முன் ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தக்கூடியது என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். அப்போது தடையின்றித் திரும்பி, கதவை மூடிய பிறகு மட்டும் இறுகினால், குறை பூட்டில் இல்லை. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பியிருக்கும், அல்லது கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். நாக்கு நிலையிலுள்ள துளைக்கு நேராக வராமல் இடிக்கிறது. கீலின் ஸ்குரூவை இறுக்குவதோ, நிலையிலுள்ள தகட்டின் துளையை அரம் கொண்டு ஓரிரு மில்லிமீட்டர் அகலமாக்குவதோ போதும். இதை அறியாமல் புதுப் பூட்டு வாங்கினால் அடுத்த ஐப்பசியில் அதுவும் இறுகும்.

திறந்த கதவிலும் சாவி இறுகினால் அடுத்துப் பார்க்க வேண்டியது தூசி. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் இருக்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் மாவு போன்ற கல்தூசி சாவித்துளை வழியே உள்ளே போய்ப் பின்களுக்கிடையே தங்கிவிடும். இதற்கு நம் வீடுகளில் செய்யும் வைத்தியம் தேங்காய் எண்ணெய் விடுவது. சில நாள் வழுவழுப்பாக இருக்கும். பிறகு எண்ணெயும் தூசியும் கலந்து பசையாகி, முன்பைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றடித்துத் தூசியை வெளியேற்றிவிட்டு, கிராஃபைட் தூளைச் சிறிதளவு விடுங்கள். அது கைவசம் இல்லாவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்துச் சில முறை போட்டு எடுத்தாலும் ஓரளவு பலன் தெரியும். இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றால், தேய்ந்திருப்பது பூட்டா, சாவியா என்று பாருங்கள். டூப்ளிகேட்டைப் பார்த்து வெட்டிய டூப்ளிகேட்டில் ஒவ்வொரு முறையும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். பூட்டு வாங்கியபோது வந்த முதல் சாவி எங்காவது இருந்தால் அதைப் போட்டுச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

புதுப் பூட்டு வாங்குவது என்று முடிவாகிவிட்டால், கதவில் ஏற்கெனவே குடைந்திருக்கும் பள்ளத்துக்கு ஏற்ற அளவு கிடைக்கிறதா என்று தேடுங்கள். கதவின் ஓரத்திலிருந்து சாவித்துளையின் மையம் வரையுள்ள தூரம், ஹேண்டில் மையத்துக்கும் சாவித்துளை மையத்துக்கும் இடையிலுள்ள தூரம், கதவின் தடிமன் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். இவை ஒத்துவராவிட்டால் பழைய துளைகளை அடைத்துப் புதிதாகக் குடைய வேண்டிவரும்; ஒவ்வொரு முறை குடையும்போதும் பூட்டைச் சுற்றியுள்ள மரம் பலவீனமாகிறது. கதவுக்குள் பதிக்கும் பூட்டுகளுக்கு ஐஎஸ் 2209, தொங்கு பூட்டுகளுக்கு ஐஎஸ் 275 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக்குறிப்புகள் இருக்கின்றன. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டோடு வரும் குட்டை ஸ்குரூக்களால் நிலைத் தகட்டைப் பொருத்தாமல், நிலைக்குள் ஆழமாக இறங்கும் நீண்ட ஸ்குரூக்களைப் போடச் சொல்லுங்கள். உதைத்துத் திறக்கும் கதவில் பூட்டு உடைவதைவிட அந்தத் தகடு பெயர்ந்துவிடுவதே அதிகம்.

எண் அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டு வைத்திருப்பவர்களுக்கு ஆள் மாறினால் எண்ணை மாற்றினால் போதும் என்பது பெரிய வசதிதான். ஆயினும் பேட்டரி தீர்ந்தால் திறப்பதற்கென்று பலவற்றில் ஒரு சாதாரணச் சாவித்துளையும் மறைவாக இருக்கும். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

கடை, அலுவலகம், தொழிற்கூடம் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர்கள் பலர். அவர்களில் சிலரிடம் கிடங்கு, சரக்கறைச் சாவிகள் போய்ச்சேரும். பருவம் முடிந்ததும் கதவுக்குக் கதவு புதுப் பூட்டு வாங்குவது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரே அளவுள்ள பூட்டுகளையே எல்லாக் கதவுகளுக்கும் பொருத்திவிட்டு, இரண்டு மூன்று சிலிண்டர்களை உதிரியாக முதலாளியின் பீரோவில் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஒருவர் விலகியதும் அவர் சாவி வைத்திருந்த கதவில் உதிரி ஒன்றைப் பொருத்திவிட்டு, கழற்றியதைப் பின் மாற்றி வாங்கி மீண்டும் உதிரியாக வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சாவிப் பதிவேடு ஒன்று அவசியம்: எந்தச் சாவி, எத்தனையாவது பிரதி, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தது, எப்போது திரும்பியது என்று கையொப்பத்துடன் இருந்தால், எந்தச் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்ற விவாதமே எழாது.

எல்லாக் கதவுகளையும் திறக்கும் ஒரே மாஸ்டர் சாவி வேண்டும் என்று பல நிர்வாகிகள் விரும்புகிறார்கள். வசதிதான், ஆனால் அதற்காக ஒவ்வொரு துளையிலும் கூடுதல் பின் துண்டு சேர்க்கப்படுவதால் பூட்டு இணங்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. ஒரு சாதாரண ஊழியரின் சாவியிலிருந்தே மாஸ்டர் சாவியின் வடிவத்தைக் கண்டறிந்துவிட முடியும் என்று மேட் பிளேஸ் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட கட்டுரை, பூட்டுத் தொழிலில் உள்ளவர்களைச் சங்கடப்படுத்தியது. பணப்பெட்டி அறையையும் கணக்கு அறையையும் மாஸ்டர் சாவி வரிசையில் சேர்க்காமல் தனியே விட்டுவிடுங்கள். மாஸ்டர் சாவியே தொலைந்துபோனால் ஒன்றிரண்டு கதவுகளோடு நிறுத்த முடியாது. வரிசையிலுள்ள எல்லாச் சிலிண்டர்களையும் மாற்றியாக வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துவிட்டு அமைப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று காப்பீடு. திருட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாகப் பூட்டையோ ஷட்டரையோ உடைத்து நுழைந்ததற்கான அடையாளத்தை எதிர்பார்க்கின்றன. கள்ளச்சாவி போட்டு ஓசையின்றித் திறந்து எடுத்துப் போனால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம். சாவி வைத்திருந்த ஊழியர் மனக்கசப்புடன் விலகிய பிறகும் ஷட்டர் பூட்டை மாற்றாமல் இருப்பவர்கள், தங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

வேலைக்கு யாரை அழைத்தாலும், அந்த வீடோ கடையோ உங்களுடையதுதானா என்று விசாரிக்கிறாரா என்று கவனியுங்கள். எதுவும் கேட்காமல் பூட்டிய கதவைத் திறந்து கொடுப்பவர், நாளை வேறொருவருக்கும் அப்படியே திறந்து கொடுப்பார். சாவியை அவரிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போகாமல், முடியும்வரை அருகிலேயே இருங்கள். சாவியுடன் எண் பொறித்த அட்டை வந்திருந்தால் அதைச் சாவிக்கொத்திலேயே தொங்கவிடாமல், வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். அந்த எண்ணை வைத்தே புதிய சாவி தயாரிக்க முடியும் என்பதால் அதுவும் ஒரு சாவிதான். மாற்றி முடித்த அன்றே குடும்பத்தார் எல்லாருடைய கொத்திலிருந்தும் பழைய சாவியைக் கழற்றிவிடுங்கள். நள்ளிரவில் ஊர் திரும்புபவர் பழைய சாவியை நுழைத்துத் திருகி, அது உள்ளேயே முறிந்துபோனால், அன்றைக்கு வாங்கிய சிலிண்டரையும் மறுநாளே மாற்ற வேண்டியிருக்கும்.